தொலைஞ்சதா, திருடு போச்சா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எதுவுமே எழுதலையே, தோட்டத்துல ஏதாச்சும் பிரச்சனையான்னு சில பேர் விசாரிச்சிருந்தீங்க. தோட்டத்துல ஒண்ணும் இல்லைங்க. மஞ்சள் வெட்டி, வேக வச்சு, காய வச்சாச்சு. பிரச்சனை வந்தது பாஸ்போர்ட்டுல. வாய்க்கால் தண்ணி, மாடு, மஞ்சள்னு எழுதிட்டிருந்தவன் பாஸ்போர்ட் கதை சொல்றானேன்னு நினைக்காதீங்க. இப்பெல்லாம் எங்க பக்கம் பாதி வீட்டுல பீரோவுக்குள்ள ஒரு பாஸ்போர்ட் இருக்குது. புள்ளைங்க வெளிநாட்டுல இருக்கறப்போ, எங்களுக்கும் அந்தப் புத்தகம் வேண்டியதாயிருச்சு.

எங்க பொண்ணு சிங்கப்பூர்ல இருக்கா. மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. மாசி மாசம் பிரசவத்துக்குத் தேதி குடுத்திருந்தாங்க. முதல் பிரசவம் தாய் வீட்டுல நடக்கறதுதான் எங்க வழக்கம். ஆனா பொண்ணுக்கு உடம்பு கொஞ்சம் முடியல, விமானப் பயணம் வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சரி, பொண்ணு தாய் வீட்டுக்கு வர முடியாட்டி தாய் அங்க போகட்டும்னு முடிவு பண்ணினோம். கூட நானும் ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு ரெண்டு பேருக்கும் கோயமுத்தூர்ல இருந்து டிக்கெட் எடுத்தாச்சு. தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கறேன்னுட்டான்.

சிங்கப்பூர் விசாவுக்கு ஈரோட்டுல ஒரு ஏஜென்ட்டைப் பிடிச்சோம். பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பச் சொன்னாரு. என்னோடது நல்லா விழுந்துச்சு. வீட்டுக்காரி பாஸ்போர்ட்டுல லேமினேஷன் பளபளப்பு மேல வெளிச்சம் அடிச்சு, மூஞ்சி இருக்கற இடம் வெள்ளையாயிருச்சு. "முகம் தெரியலைங்க, ஒரிஜினலைக் கொண்டு வந்தீங்கன்னா நாங்களே ஸ்கேன் பண்ணிக்கறோம்"னாரு ஏஜென்ட்.

இதுக்கு ஈரோடு வரைக்கும் போகவே வேண்டியதில்லை. கோபியில எந்த ஜெராக்ஸ் கடையில குடுத்தாலும் ரெண்டு நிமிஷத்துல ஸ்கேன் பண்ணி அனுப்பியிருப்பாங்க. வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னா. "ஏனுங்க, புஸ்தகத்தை எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? இங்கயே ஸ்கேன் எடுத்து அனுப்புங்க." எனக்கோ போன வருஷத்து இருப்பு மஞ்சளை வித்த பாக்கிப் பணம் மண்டியில வாங்க வேண்டியிருந்துச்சு. எப்படியும் ஈரோடு போறோம், ஒரே அலைச்சல்ல ரெண்டையும் முடிச்சிறலாம்னு கணக்குப் போட்டேன். விமானம் ஏற இன்னும் 12 நாள் இருந்துச்சு.

மண்டியில 14,000 ரூபா வாங்கினேன். பாஸ்போர்ட் வச்சிருந்த ரெக்சின் பர்ஸுக்குள்ளயே பணத்தையும் சொருகி, மஞ்சப்பையில போட்டு, பையைச் சுருட்டி அக்குள்ல இடுக்கிக்கிட்டு டவுன் பஸ் ஏறினேன். தைப்பூச சமயம். பழனிக்கும் சென்னிமலைக்கும் போற கூட்டம். பஸ்ஸுல கால் வைக்க இடமில்லை. கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினப்பத்தான் பை தோள்ல தொங்கியிருக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியல.

ஏஜென்ட் ஆபீஸ்ல உக்காந்து பைக்குள்ள கையை விடறேன், கை அடி வழியா வெளிய வருது. தையல்காரன் வெட்டின மாதிரி நேரா ஒரு பிளேடு கோடு. உள்ளே தண்ணி பாட்டில் மட்டும் குறுக்கா நின்னுட்டிருந்துச்சு.

திரும்பி ஓடினேன். அந்தக் கண்டக்டரைத் தேடிப் பிடிச்சேன். பணத்தை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குப்பையில வீசிருவாங்கன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, பஸ் ஸ்டாண்டு குப்பைத் தொட்டி ஒண்ணு விடாம கிளறினேன். ஒரு மணி நேரம் கழிச்சு வேட்டியெல்லாம் அழுக்கா போலீஸ் ஸ்டேஷன் போய் நின்னேன்.

ஏட்டய்யா தன்மையாத்தான் பேசினாரு. பஸ் எந்த இடத்துல போகும்போது போச்சுன்னு கேட்டாரு. தெரியலைன்னேன். பஸ் ரெண்டு ஸ்டேஷன் எல்லையில ஓடுதேன்னு யோசிச்சாரு. எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், எல்லையை அவங்கதான் பார்த்து மாத்திக்கணும்கறது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. பிளேடு போட்ட பையைத் தூக்கிக் காட்டினேன். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னாரு.

"இங்க பாருங்கண்ணா. திருட்டுன்னு எழுதினா எஃப்.ஐ.ஆர். போடோணும், விசாரிக்கோணும், ஆள் கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு எழுதி முடிக்கோணும். அதுக்கெல்லாம் நாளாகும். உங்களுக்கோ அவசரம். தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தா உடனே சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தந்துருவேன். பாஸ்போர்ட் ஆபீஸ்ல குடுத்துக்கலாம்."

"பணம்?"

"பணத்தையும் சேர்த்து எழுதினா அது திருட்டுல்லங்கண்ணா."

அதுக்கு மேல இன்னொண்ணும் சொன்னாரு. பாஸ்போர்ட் யார் பேர்ல இருக்குதோ அவங்களே வந்து எழுதிக் குடுக்கணும்.

வெளிய வந்து வீட்டுக்காரிக்கு போன் பண்ணினேன். இத்தனை வருஷத்துல பேங்க் கடன் நோட்டீஸ் வந்தப்பவும், கிணறு வத்தினப்பவும்கூட அவகிட்ட விஷயத்தைச் சொல்ல இவ்வளவு யோசிச்சதில்லை. சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பாப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க. நீங்க பஸ் ஏறி வாங்க"ன்னா. நான் அப்பவே சொன்னேனேங்கற வார்த்தை அன்னிக்கும் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல. வந்திருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

மறுநாள் காலைல ரெண்டு பேரும் ஸ்டேஷன் போனோம். ஏட்டய்யா சொல்லச் சொல்ல அவ எழுதினா. எட்டாவது வரைக்கும் படிச்சவ. கையெழுத்து மணி மணியா இருக்கும். 'ஈரோடு நகரப் பேருந்தில் பயணம் செய்தபோது எனது பாஸ்போர்ட்டை நான் தவறுதலாகத் தொலைத்துவிட்டேன்.' 'நான்'ங்கற எடத்துல பேனா கொஞ்சம் நின்னுச்சு. அவ அந்த பஸ்ஸுல காலே வைக்கல. நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தேன். அவ எழுதி முடிச்சுக் கையெழுத்துப் போட்டா. ரசீது கைக்கு வந்துச்சு.

ஊருக்குள்ள விஷயம் பரவிருச்சு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வெத்தலையில மை போட்டுப் பார்க்கற ஒருத்தர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனாரு. பொருள் வடக்கால, தண்ணிக்குப் பக்கத்துல இருக்குதுன்னாரு அவரு. எங்க ஊருக்கு வடக்க முழுக்கத் தண்ணிதான், பவானி ஆறே ஓடுது. 101 ரூபா தட்சணை வச்சுட்டு வந்தேன்.

தொலைஞ்ச பாஸ்போர்ட்டுக்குப் பதிலா வேற வாங்க 36 பக்கத்துக்கு 3,000 ரூபா கட்டணும். சாதாரணமா வாங்கறதுக்கு 1,500 தான். விண்ணப்பத்துல பழைய பாஸ்போர்ட் நம்பர், எங்க எப்போ குடுத்ததுங்கற விவரமெல்லாம் கேக்குது. எங்ககிட்ட ஜெராக்ஸ் கிடையாது. என்ன பண்றதுன்னு முழிச்சப்போ, மச்சான் பையன் என்னோட போனை வாங்கித் துழாவி அந்த வாட்ஸ்அப் போட்டோவை எடுத்தான். மூஞ்சிதான் வெள்ளை, நம்பரும் தேதியும் பளிச்சுன்னு இருந்துச்சு. எந்தப் போட்டோ ஆகாதுன்னு நான் பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டுப் போனேனோ அதுதான் இப்ப கைகுடுத்துச்சு.

எப்படித் தொலைஞ்சதுன்னு ஒரு உறுதிமொழியும் சேர்த்துத் தரணும். பிரவுசிங் சென்டர்ல ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வக்கீல் வேலை பார்க்கற சொந்தக்காரர்தான், "2016 டிசம்பர்லயே அதையெல்லாம் எடுத்தாச்சு, வெள்ளைத் தாள்ல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்"னு சொன்னாரு. அவர் சொன்னதுதான் சரி. அதுலயும் அவதான் எழுதினா, தொலைச்சது நான்னு.

நாலாம் நாள் கோயமுத்தூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுல அப்பாயின்ட்மென்ட் கிடைச்சுது. விண்ணப்பிக்கறவங்களை மட்டுந்தான் உள்ள விடறாங்க. அவ ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தனியாப் போனா. நான் வெளிய நின்னேன். பத்து மணிக்குப் போனவ வரும்போது ஒரு மணி ஆகப் போகுது. மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணும் தெரியல. "ஏ, பி, சின்னு மூணு கவுன்டருங்க. மொதல்ல போட்டோ, கைரேகை. அப்புறம் ஆபீசருங்க பார்த்தாங்க. போலீஸ் விசாரணை முடிஞ்சாத்தான் வருமாம்"னு மட்டும் சொன்னா.

பஸ் குன்னத்தூர் தாண்டினப்பத்தான் மிச்சத்தைச் சொன்னா. உள்ள ஒரு ஆபீசர், எப்படிம்மா தொலைச்சேன்னு கேட்டிருக்காரு. பஸ்ஸுலங்கன்னு சொல்லியிருக்கா. அறிவிருக்கா, பாஸ்போர்ட்டை யாராச்சும் துணிப்பையில போட்டு பஸ்ஸுல கொண்டு போவாங்களான்னு அவர் சத்தம் போட்டிருக்காரு. வரிசையில இருந்தவங்கல்லாம் திரும்பிப் பார்த்திருக்காங்க.

"நீ என்ன சொன்னே?"

"தப்புத்தாங்கன்னேன்."

"எங்க வீட்டுக்காரர்தான் கொண்டு போனாருன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"எழுதிக் குடுத்தது ஒண்ணு, வாயில சொல்றது ஒண்ணுன்னா அவங்க அதைப் பிடிச்சுக்குவாங்க. நமக்கு இப்பப் பாப்பாகிட்டப் போகோணும்." சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வீடு வர்ற வரைக்கும் நான் வாயே திறக்கல.

அன்னிக்கு ராத்திரி அவதான் முடிவு பண்ணினா. எனக்கு விசா வந்திருச்சு. புதுப் பாஸ்போர்ட் வந்து, அந்த நம்பருக்கு விசா போட்டு, அப்புறந்தான் அவ கிளம்ப முடியும். "ரெண்டு பேரும் இங்கயே உக்காந்திருந்து என்ன பண்றது? நீங்க போங்க"ன்னா. பிரசவ வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? எனக்கு டீ கூடப் போடத் தெரியாது. மீதியிருந்த எட்டு நாள்ல பூண்டுக் குழம்பு, சுக்குக் கசாயம், மிளகு ரசம்னு எல்லாம் வச்சுக் காட்டினா. என்னையும் வைக்கச் சொன்னா. சரியில்லைன்னா கொட்டச் சொல்லி மறுபடியும் வைக்கச் சொன்னா. ஒரு நோட்டுல அளவெல்லாம் எழுதிக் குடுத்தா. அவ டிக்கெட்டை ரத்து பண்ணினதுல பாதிக்கு மேல போச்சு. பேறுகால மருந்துச் சாமான், எங்க மஞ்சள்தூள், அந்த நோட்டு, இதையெல்லாம் எடுத்துக்கிட்டு நான் ஒருத்தனா விமானம் ஏறினேன்.

நான் போன மறுநாளே வீட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்திருச்சு. வந்தவர் பக்கத்து வீட்டுல ரெண்டு பேரை விசாரிச்சுட்டு, வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டிருக்காரு. "சிங்கப்பூர்ல சமைச்சிட்டிருக்காருங்க"ன்னாளாம். அவர் சிரிச்சுட்டு மோர் குடிச்சுட்டுப் போனாராம்.

டாக்டர் குடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே பொண்ணுக்கு வலி வந்திருச்சு. விடியறதுக்குள்ள பேத்தி பொறந்தா. எனக்குக் காட்டினப்போ அங்க காலை 7 மணி, நம்ம ஊர்ல நாலரை. அவ பால் கறக்கற நேரம். வீடியோ போட்டேன். கட்டுத்தறி லைட்டு வெளிச்சத்துல, கையில பால் நுரையோட, போனைத் தொடாம குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா. "மூக்கு பாப்பா மாதிரியே இருக்குது"ன்னா. அப்புறம், "கறந்துட்டு வர்றேன், மாடு காலை ஒதைக்குது"ன்னு வச்சுட்டா. அந்த மாடு ஒதைக்கற மாடு இல்லைங்க.

அதுக்கு மூணாம் நாள் நடந்ததைத்தான் இன்னும் என்னால ஜீரணிக்க முடியல. போஸ்ட்மேன் ஒரு கவரைக் கொண்டாந்து குடுத்திருக்காரு. பிரிச்சா, அவளோட பழைய பாஸ்போர்ட்! ஈரோட்டுல ஏதோ ஒரு தபால் பெட்டியில கிடந்திருக்குது. தபால் ஆபீஸ்காரங்க அதுல இருந்த விலாசத்துக்கு அனுப்பி வச்சிருக்காங்க. ஒரு பக்கம்கூட மடங்கல. விசாவுக்கு எடுத்த ரெண்டு போட்டோவும் உள்ளயே இருந்துச்சு. பணம் மட்டும் இல்லை.

உடனே எனக்குக் கூப்பிட்டா. இத்தனை நாள்ல அவ குரல்ல பதட்டத்தைக் கேட்டது அன்னிக்குத்தான். "ஏனுங்க, புஸ்தகம் வந்துருச்சுங்க. இதுல விசா போட்டா நாளைக்கழிச்சு வந்துறலாமில்லீங்க?" எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. மாப்பிள்ளைதான் போனை வாங்கி நிதானமாச் சொன்னாரு. "அத்தை, தொலைஞ்சதுன்னு நாம எழுதிக் குடுத்தவுடனே அந்த நம்பர் ரத்தாயிரும். தொலைஞ்ச, திருடு போன பாஸ்போர்ட்டுக்குன்னு இன்டர்போல் 2002-ல இருந்து ஒரு பட்டியலே வச்சிருக்குது. அதைக் கொண்டு வந்தீங்கன்னா ஏர்போர்ட்டுலயே நிறுத்திருவாங்க." அவ சரிங்க மாப்பிள்ளைன்னா. மேல ஒண்ணும் கேக்கல.

யோசிச்சுப் பாருங்க. புத்தகம் கையில இருக்குது. போட்டோ அவளோடது, பேர் அவளோடது, காலாவதியாக இன்னும் வருஷக்கணக்கா இருக்குது. ஆனா செத்துப் போன புத்தகம். பேத்தி மூணு நாள் குழந்தை.

நாலு நாள் கழிச்சு அதே போஸ்ட்மேன் ஸ்பீட் போஸ்ட்டுல புதுசைக் கொண்டாந்து குடுத்தாரு. அப்புறம் விசா, டிக்கெட்டு. சாங்கி விமான நிலையத்துல அவ வெளிய வந்தப்போ பேத்திக்கு 14 நாள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிட்டுப் பிள்ளையை வாங்கினா. ரொம்ப நேரம் யாருகிட்டயும் குடுக்கல. ராத்திரி நான் வச்ச பூண்டுக் குழம்பை ஊத்திச் சாப்பிட்டுட்டு, "புளி கொஞ்சம் தூக்கல்"னா. ஒரு வாரம் கூட இருந்துட்டு, எனக்கு விசா நாள் முடியறதால நான் கிளம்பி வந்துட்டேன்.

ஊருக்கு வந்ததுல இருந்து மஞ்சள் வேக வைக்கறப்பல்லாம் அடுப்பு முன்னாடி உக்காந்து இதையேதான் நினைச்சுட்டிருந்தேன். ரெக்கார்டுப்படி இதுல திருட்டே நடக்கல. 14,000 ரூபா எந்தக் காகிதத்துலயும் இல்லை. பிளேடு போட்ட பை இன்னும் என் வீட்டு ஆணியில தொங்குது, அதுவும் எந்தக் காகிதத்துலயும் இல்லை. எடுத்தவனுக்குத் தப்பில்லை. அவன் சாக்கடையில வீசாம தபால் பெட்டியில போட்டான், அந்த மட்டுக்கும் சரி. ஏமாந்து போன எனக்கும் தப்பில்லை. காகிதத்துல தப்புச் செஞ்சது ஒரே ஒரு ஆள்தான், அந்தப் பஸ்ஸுலயே ஏறாதவ. புதுப் பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல பழைய நம்பரைப் போட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவை அதைத் திறக்கறப்பவும் அது கண்ணுல படும்.

அவசரத்துக்காக 'தொலைஞ்சது'ன்னு எழுதினது சரியா தப்பான்னு என்கிட்ட கேக்காதீங்க. அன்னிக்கு எங்களுக்கு நாள்தான் முக்கியமாப் பட்டுச்சு. ஆனா உங்களுக்கு இப்படி ஆச்சுன்னா, நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுக்க நாள் இருக்குதான்னு மொதல்ல பாருங்க.

படிச்சவங்க உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் பட்டவன் சொல்றேன். பாஸ்போர்ட்டோட முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து போன்ல வைங்க, வீட்டுல இன்னொருத்தர் போன்லயும் வைங்க. ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துத் தனியா வைங்க. விசாவுக்குப் போட்டோ போதும்னா ஒரிஜினலை வெளிய எடுக்காதீங்க. பணத்தையும் அதையும் ஒரே பர்ஸுல வைக்காதீங்க, திருடன் தேடறது பணத்தை, கூடப் போறது பாஸ்போர்ட். தொலைஞ்சதுன்னு எழுதிக் குடுத்த பிறகு பழசு கிடைச்சா அதை வச்சுப் பயணம் பண்ணப் பார்க்காதீங்க, பாஸ்போர்ட் ஆபீஸ்ல ஒப்படைச்சிருங்க. எங்களோடதையும் அவ திரும்பி வந்ததும் கோயமுத்தூர் கொண்டு போய்க் குடுத்தோம். இந்தத் தடவை கவுன்டர்ல யாரும் சத்தம் போடலையாம்.

அவ போன வாரந்தான் ஊருக்கு வந்தா. வந்ததும் புதுப் பாஸ்போர்ட்டை அவளோட டிரங்குப் பெட்டியில பட்டுச்சேலைக்கு அடியில வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா. நேத்து பேங்க்ல ஒரு ஜெராக்ஸ் கேட்டாங்க. "குடு, கோபி போறேன், எடுத்துட்டு வந்துடறேன்"னேன். "இருங்க, நானும் வர்றேன்"னு சேலை மாத்தப் போயிட்டா.